நடுச்சுவரில் ஒரு வழி

அட்டனிலிருந்து றொசல்ல பக்கம் போகும் மாலை ரயிலில், எனக்கு எதிரே ஓர் இளம்பெண்ணும் அவளுடைய பெரியம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையைத் திருத்துறதுக்கு ஆபீஸ்ல என்னையத்தான் பிளான் வரையச் சொன்னாங்க. கம்ப்யூட்டர் நம்ம ரெண்டு வீட்டையும் ஒரே அறைனு சொல்லுது பெரியம்மா" என்றாள் அவள்.

நான் ஜன்னலிலிருந்து திரும்பினேன்.

"அது எப்புடி சொல்லும்?"

"நடுச்செவுத்துல நீங்க ஒடைச்ச வழியையும் அப்புடியே வரைஞ்சேன். சுத்தி செவுரு அடைச்சிருந்தாத்தான் கம்ப்யூட்டர் அதைத் தனி அறைனு எடுத்துக்கும்."

பெரியம்மாவின் முகம் வாடியது. "அப்ப அடைச்சிருவாங்களா? ஒங்கம்மா படுத்த படுக்கையா கெடக்கா. கூப்பிட்டா நான் மழையில சுத்தியா ஓடியாறது?"

"அடைக்க வேணாம். அந்த எடத்துல ஒரு கோடு போட்டாப் போதும், செவுரு இல்லாமலே ரெண்டு அறையாப் பிரிச்சிரும். கோடு கம்ப்யூட்டர்லதான். வழி வழியாவே இருக்கும்."



"அப்ப போடு. ஆனா வழியைக் கொஞ்சம் அகலமா வரை. ஒங்கம்மா எந்திரிச்சு நடக்கிறப்ப, அவளைப் புடிச்சுக்கிட்டு நானும் கூடவே வரணும்ல."