பீரோவுக்கு வெளியே ஏழு ஃபிளாப்பி

ஓடுகிறேன். கையில் ஸ்கேனரின் ஒயர். ஸ்கேனர் இல்லை. வெறும் ஒயர்.

சனிக்கிழமை. மணி நாலு. முதல் குண்டு தூரத்தில். 'டொம்'. கதவைச் சாத்துவதுபோல. "ரயிலுக்கு ஏப்பம் வந்துபோடுச்சுங்க" என்றேன். ஆனந்தி அக்கா சிரிக்கவில்லை. இரண்டாவது குண்டு பக்கத்திலேயே. ஜன்னல் கண்ணாடி உள்ளே கொட்டியது. கீழே சென்னிமலைப் போர்வைக் கடை பற்றிக்கொண்டது.

"ஏனுங்க, மேல யாரு? எறங்கி ஓடியாங்க!" தெருவிலிருந்து யாரோ கத்தினார்.

மேலே நாங்கள் மூன்று பேர். பழைய நூலகத்தின் மாடி. சனிக்கிழமைதோறும் கூடுவோம். ஊரின் இறப்புப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து ஃபிளாப்பியில் ஏற்றுவோம். அந்தக் காலத்து பிளேக் நோயில் செத்தவர்களின் பெயர்கள் அவற்றில் மட்டும்தான் இருந்தன. பாதியைக் கரையான் தின்றிருந்தது. தொடங்கியவர் ரங்கசாமி சார். மில்லில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா டைப்பிஸ்ட். நான் பத்தாவது ஃபெயில். பெயர்களைத் தப்பாக வாசித்து சாரைச் சீண்டுவேன்.

"செத்தவீங்க பேரு சாமி. ஒழுங்காப் படி" என்பார்.

மாடியில் பூட்டு உள்ளது ஒரு இரும்பு பீரோவுக்கு மட்டும்தான். பதிவேடுகள் அதில். நகல்களும் பத்திரமாக இருக்கட்டும் என்று அதிலேயே வைத்தோம். அசலும் நகலும் ஒரே இடத்தில். மூன்று பேருக்கும் அது தவறாகத் தெரியவில்லை.

போன வாரம் சார் எண்ணிப் பார்த்தார். "ஃபிளாப்பி பதினொண்ணு கொறையுதே?"

"செத்தவீங்க எந்திரிச்சுப் போயிருப்பாங்க சார்."

சிரித்தார். நான்தான் எடுத்திருந்தேன். கார் விளையாட்டைக் காப்பி செய்ய.

தெருவில் திரும்பிப் பார்க்கிறேன். அக்கா இருக்கிறார். சார் இல்லை. மாடி ஜன்னலில் வெள்ளைச் சட்டை. பீரோ இருக்கும் பக்கம் போகிறது.

"சார், உட்டுப்போட்டு வாங்க! படி எரியுதுங்க!"

சட்டை நின்றது. பிறகு புகை.

தீ ஆறு மணிக்கு அடங்கியது. பீரோ நின்றிருந்தது. பூட்டியபடி. உள்ளே கரி. உருகிய பிளாஸ்டிக். சாவி சார் கையில் இருந்தது.

எழுதி வைக்கிறேன். பதிவேடுகள் ஒன்பது, போயின. ஃபிளாப்பிகள் இருநூற்று ஆறு, போயின. ஸ்கேனர் ஒன்று. கம்ப்யூட்டர் ஒன்று. ரங்கசாமி சார்.

என் பாய்க்கு அடியில் பதினொன்று இருந்தன. நாலில் கார் ஓடியது. அந்தப் பெயர்களை அழித்தது நான். மிச்சம் ஏழு.

அக்காவும் நானும் வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு உட்கார்ந்து எண்ணினோம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். சத்தமாக வாசித்தேன். ஒன்றைக்கூடத் தப்பாக வாசிக்கவில்லை.