ரெண்டு வார்த்தை

— சோலி முடிஞ்சுது. மேடம், ஆடாம நில்லுங்க. துப்பட்டாவை உதறுங்க. ஆடாம உதறுங்க.

— விழுந்துருச்சுங்கண்ணா. சுடுதுங்க.

— சுடத்தான செய்யும். தோட்டா குறி அட்டையைச் சுட்டுச்சு, அதோட காலிக் கூடு உங்களைச் சுட்டுருச்சு. தப்பு என்னோடது. கூடு வலது பக்கம்தான் தெறிக்கும்னு தினம் வர்றவங்களுக்கெல்லாம் பாடம் எடுக்குறவன், உங்களை வலது பக்கத்துலயே நிப்பாட்டிட்டுச் சுட்டுக் காட்டுறேன். இந்தக் கார்மேகத்தையும் புஜைரா துப்பாக்கி கிளப்புல ஒரு கோச்சுன்னு வெச்சிருக்காங்களே, அவங்களச் சொல்லணும்.

— ஓட்டை விழுந்துருச்சு பாருங்க.

— புதுசு வாங்கித் தந்துடுறேன்.

— வேண்டாமுங்க. இதையும் சேத்து வெச்சுக்கறேன்.

— எதோட சேத்து?

— ஒண்ணுமில்லீங்க. அடுத்த மாசப் போட்டிக்கு எனக்கொரு துப்பாக்கி பாக்கோணும். புதுசா வந்தவங்க யாரை வேணா எதிர்க்கக் கூப்பிடலாம்னு வாசல்ல எழுதிப் போட்டிருக்குதே?

— போட்டதே நான்தான். கூப்பிட்ட ஆளு மாட்டேன்னு சொல்லக் கூடாது. ரெண்டு பேருக்கும் எந்தத் துப்பாக்கின்னு கூப்பிட்டவங்கதான் முடிவு பண்ணுவாங்க. யாரைக் கூப்பிடப் போறீங்க? வீட்டுக்காரரையா?

— பாவம், அவரு எதுக்குங்க? இந்தக் குட்டித் துப்பாக்கி அழகா இருக்குதுங்களே.

— இங்க வர்ற எல்லாரும் பொம்பளைங்களுக்கு இதத்தான் எடுத்துக் குடுப்பாங்க. குட்டிதான் மேடம் மோசமா உதைக்கும். துப்பாக்கி கனமா இருந்தா உதைய அது வாங்கிக்கும். இல்லாட்டி உங்க மணிக்கட்டு வாங்கும். இதப் பிடிங்க. விரலோட நுனிச் சதைதான் ட்ரிக்கர்ல படணும்.

— எட்டலீங்க.

— அப்ப இது உங்க கைக்கு இல்ல. வெச்சிருங்க. வாய் அட்டையப் பாத்தே இருக்கணும். துப்பாக்கி வாயச் சொன்னேன். என் வாய் மாதிரி கண்ட பக்கம் திரும்பக் கூடாது.

— அது தெரியுமுங்க. செவுத்துல தொங்குதே, பெருசு, அந்த ரிவால்வரு?

— அதத் தொட்டீங்கன்னா சோலி முடிஞ்சுது. என்னையே ஒரு தடவ உக்கார வெச்சிருக்கு.

— என்னையும் உக்கார வெச்சதுங்க. தீபாவளிக்கு எங்க எண்ணெய் டேங்க் டெர்மினல் ஆபீஸ்ல எல்லாத்தையும் இங்க கூட்டிட்டு வந்தாங்க. வெடிச்ச வேகத்துல நான் பின்னால போயி விழுந்துட்டேன்.

— அடடா. காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் மாட்டி விட்டா எல்லாரும் எனக்கு ஒண்ணுபோலத்தான் மேடம் தெரிவாங்க. ஞாபகம் இல்ல.

— இருக்காதுங்க. மேனேஜர் விஜயபாஸ்கரு வீடியோ எடுத்து ஆபீஸ் குரூப்புல போட்டாரு. அங்கிருந்து எங்க சொந்தக்காரங்க குரூப்புக்குப் போயிருச்சு. ஈரோட்டுல எங்க நாத்தனார் மாப்பிள்ளை வரைக்கும் பாத்துட்டாங்க. விழறது நானு. பின்னால ஒருத்தரு ரெண்டு வார்த்தை சொல்லிட்டுச் சிரிக்கறாரு. ஆள் தெரியலீங்க, குரல் மட்டும்தான்.

— நம்ம பாசைலயா?

— நம்ம பாசைலதானுங்க. எம் பொண்ணு மஹதிக்கு இங்கிலீசு தவிர ஒண்ணும் வராது. அந்த ரெண்டு வார்த்தைய மட்டும் சுத்தமாச் சொல்றா. எங்கையிலிருந்து கரண்டி விழுந்தாலும் சொல்றா.

— விழுந்தவங்களைப் பாத்துச் சிரிக்கிறவன்லாம் என்ன மனுசன்? அவனத்தான் கூப்பிடப் போறீங்களா?

— காய் நறுக்கறப்பக் கூட அந்த வீடியோவைப் போட்டுக் கேப்பனுங்க. குரல் மறந்துரக் கூடாதுன்னு.

— விடாதீங்க மேடம். எவனா இருந்தாலும் நான் உங்க பக்கம். இருங்க, என் பெட்டியில ஒண்ணு இருக்கு. இருபத்திரண்டு கேலிபர் பிஸ்டல். ஊசி மாதிரித் தோட்டா, ஆனா நல்ல கனம். என் சொந்தப் போட்டிக்குன்னு ட்ரிக்கரைப் பதம் பண்ணி வெச்சிருக்கேன். யார் கையிலயும் குடுத்ததில்ல. பிடிங்க.

— எட்டுதுங்க.

— எட்டணும். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே அளவு கை. எனக்குப் பொம்பளைக் கைன்னு ஊர்ல கேலி பண்ணுவாங்க. மூச்சைப் பாதி விட்டு நிறுத்துங்க. அந்தப் பயலை நினைச்சுக்கங்க. சுடுங்க.

— அஞ்சையும் சுட்டுட்டனுங்க.

— ஆத்தாடி. அஞ்சும் ஒரே எடத்துல. ஒரு திர்ஹம் காசு வெச்சு மூடிரலாம் போலயே.

— உதைக்கவே இல்லீங்க. நெசமாவே இதவிட நல்லது உங்ககிட்ட இல்லீங்களா?

— இருந்தா எனக்கு வெச்சிருக்க மாட்டேனா? இது இனி உங்களுக்கு. போட்டி முடியிற வரைக்கும் நான் தொட மாட்டேன்.

— வாக்குங்களா?

— வாக்கு. இப்பவாச்சும் சுத்தாம நேராச் சொல்லுங்க மேடம். அவனுக்கு எத எடுத்து வைக்கட்டும்?

— செவுத்துல தொங்குற அந்தப் பெருசைத்தானுங்க.

— சபாஷ். பய செத்தான். ஆளு யாரு?

— நீங்கதானுங்கண்ணா. அன்னைக்கு நான் விழுந்தப்ப நீங்க சொன்ன ‘சோலி முடிஞ்சுது’வை இந்தத் தடவ நான் சொல்லிக்கறனுங்க.