இறங்க வேண்டிய ஆள்

ராத்திரி இரண்டு மணி. நீளமான ஒரு பாதை… ரோடு இல்லை, கப்பலின் அடிவயிற்றுக்குள் போகிற நடைபாதை. ஆனால் எந்தக் காட்டு ரோட்டிலும் அப்படி ஓர் ஆளில்லாத தனிமை இருக்காது. மேலே மாடி மாடியாக ஆட்டமும் பாட்டும். கீழே இந்தத் தளத்தில் இன்ஜின் உறுமல் மட்டும். பாதை முடிகிற இடத்தில் ஓர் இரும்புக் கதவு. கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி. நாற்காலியில் ஒரு மனிதர்.

முதலில் அந்த ஜன்னலைச் சாத்துங்கள். காற்று வேண்டும் என்கிறவர் வெளியே போய்த் தனியாக உட்கார்ந்து வாங்கிக்கொள்ளலாம்… யாரும் எழுந்திருக்கவில்லை அல்லவா? நெருங்கி உட்காருங்கள்.

நாற்காலியில் இருந்தவர் என் சிநேகிதன் ஒருவனின் தங்கை புருஷன். அவன் அவரை மாப்பிள்ளை என்பான். அதனால் எங்கள் கூட்டத்துக்கே அவர் மாப்பிள்ளைதான். உல்லாசக் கப்பலில் செக்யூரிட்டி வேலை. கப்பல் வேலை என்றால் ஏதோ ராஜபோகம் என்று நினைப்பவர்கள் இங்கே யாராவது இருந்தால், அந்த நினைப்பைத் துடைத்துப் போட்டுவிடுங்கள். குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவனைப் பிடிக்க வேண்டும். நடுக்கடலில் நாற்காலியைத் தூக்கி எறிகிறவனைப் பிடிக்க வேண்டும். அவன் துப்பினால் துடைத்துக்கொண்டு, "சார், கொஞ்சம் அமைதியா இருங்க சார்" என்று சொல்ல வேண்டும். திருப்பி ஒரு தட்டு தட்டக்கூட உரிமை இல்லை.

அத்துமீறுகிற பயணிக்கு முதலில் எச்சரிக்கை. அடங்காவிட்டால் அவருடைய அறையிலேயே அடைத்து, வாசலில் ஒரு காவல். அதற்கும் அடங்காவிட்டால் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிடுவார்கள். அங்கே ஒரு லாக்கப் அறை இருக்கிறது. ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் மெத்தை. தரையோடு முடுக்கிய கட்டில். பெல்ட், ஷூ நாடா எல்லாவற்றையும் கழற்றி வாங்கிவிடுவார்கள். சாப்பாடு காகிதத் தட்டில். அடுத்த துறைமுகம் வந்ததும் பெட்டியோடு போலீஸ் கையில் கொடுத்துவிட்டுக் கப்பல் பாட்டுக்குப் போய்விடும்.

அன்று ராத்திரி மாப்பிள்ளைக்கு அந்தக் கதவுக்குக் காவல். அதுதான் கப்பலில் அவருடைய கடைசி ராத்திரி. விடிந்தால் துறைமுகம். இறங்கி, விமானம் ஏறி, வீடு.

இந்த வீட்டுக்குப் போகிற விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாப்பிள்ளைக்கு ஒரு பெண் குழந்தை. அவர் கடலில் இருக்கும்போது பிறந்தது. அது நடக்க ஆரம்பித்துவிட்டது, பேச ஆரம்பித்துவிட்டது. இவர் இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை. ஏன் தெரியுமா? அந்தக் கப்பலில் ஒரு சட்டம். காவல் வேலையில் இருப்பவன் ஏதாவது அசம்பாவிதம் என்று ரிப்போர்ட் எழுதினால், விசாரணை முடிகிறவரை அவன் இறங்கக் கூடாது. முதல் தடவை, எவனோ ஒரு பயணி படியில் உருண்டு கையை உடைத்துக்கொண்டான். இவர் ரிப்போர்ட் எழுதினார், லீவு போயிற்று. இரண்டாவது தடவை, எவளோ நகை காணவில்லை என்றாள். இவர் எழுதினார், லீவு போயிற்று. நகை அவள் பெட்டியிலேயே கிடைத்தது, அது வேறு கதை! நேர்மையாக வேலை பார்த்ததற்கு அந்த மனிதனுக்குக் கிடைத்த பரிசு, போனில் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மா தோளில் ஒளிகிற ஒரு குழந்தை. எனக்கு இதைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது.

அதனால் செக்யூரிட்டி ஆட்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். இறங்கப் போகிறவனுக்குக் கடைசி ராத்திரி லாக்கப் காவலைக் கொடுத்துவிடுவார்கள். மேலே வம்பு, கீழே வெறும் நாற்காலி. அங்கே என்ன கேட்டாலும் கேட்கவில்லை, என்ன பார்த்தாலும் பார்க்கவில்லை. எழுதுவது ஒரே வரி: எல்லாம் சரி. அவ்வளவுதான்.

காவலை மாற்றிவிட்டுப் போன கட்டையன் என்கிற கூட்டாளி சொன்னான். அங்கே எல்லாரும் பேசியது உடைந்த இங்கிலீஷ். நான் நம் பேச்சில் சொல்கிறேன். "பஸ்ஸர் சும்மா சும்மா அடிக்கும். வயர் கோளாறு. அடிச்சா எடுக்காதே."

"உள்ள ஆள் இருக்கும்போது எடுக்காம எப்படி?"

"சொல்றதைச் சொல்லிட்டேன்ப்பா" என்று கட்டையன் வேகமாக நடந்தான். ஓடினான் என்றே சொல்லலாம்.

உள்ளே இருந்தவன் ஒரு தடியன். பாரில் கண்ணாடியை உடைத்து, பரிமாறுகிறவனை அடித்து, அறையில் அடைத்தால் பால்கனி தாண்டிப் பக்கத்து அறைக்குள் குதித்தவன். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை. அதில் லாக்கப் அறை முழுவதும் தெரியும். கதவோரமாக உள்ளே ஒரு பித்தான். அமுக்கினால் வெளியே பஸ்ஸர் அடிக்கும், பேசலாம்.

முதல் தடவை அடித்தது. ட்ர்ர்ர்…

"என்ன சார்?"

"தனியா வைக்கணும்னு சட்டம் இருக்கு தெரியுமா? இன்னொருத்தனை எதுக்குப் போட்டிருக்கீங்க?"

திரையைப் பார்த்தார். தடியன் மட்டும்தான். "யாரும் இல்ல சார். தூங்குங்க."

கொஞ்ச நேரத்தில் மறுபடி. "அவனை அழாம இருக்கச் சொல்லு."

"சார், நீங்க மட்டும்தான் இருக்கீங்க."

மறுபடி. "ஈரத்தோட கட்டில்ல படுத்திருக்கான். நான் எங்க படுப்பேன்?"

குடிகாரன் பேச்சு என்று மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் ஒன்றைக் கவனித்தார். கட்டில் காலியாக இருந்தது… அந்தத் தடியன், அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, மூலையில் தரையில் முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்தான்.

சூப்பர்வைசருக்கு போன் போட்டார். "சார், இந்தப் பயணியை வேற அறைக்கு மாத்தலாமா?"

"ரத்தம் வருதா?"

"இல்ல சார்."

"மூச்சு இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்புறம் எதுக்கு என்னை எழுப்பற? மாத்தணும்னா ரிப்போர்ட் எழுது. எழுதிட்டு இங்கயே கிட."

போன் வைக்கப்பட்டது. துரைக்குத் தூக்கம் முக்கியம். இப்படிப்பட்ட ஒரு மேலாளர் நம் எல்லாருக்கும் வாய்த்திருக்கிறார், இல்லையா? பேனா பக்கத்தில்தான் இருந்தது. மாப்பிள்ளை அதைத் தொடவில்லை.

பிறகு நல்ல அமைதி. திரையில் தடியன் மூலையிலேயே சாய்ந்து தூங்கிவிட்டான். வாய் திறந்து, தலை தொங்கி… குறட்டை கதவைத் தாண்டிக் கேட்டது. அப்பாடா என்று மாப்பிள்ளை காலை நீட்டினார்.

ட்ர்ர்ர்…

திரையைப் பார்த்தார். தடியன் மூலையில் தூங்குகிறான். பித்தான் இருப்பது எதிர்ப்பக்கம், கதவோரம். அங்கே யாரும் இல்லை.

ட்ர்ர்ர்… ட்ர்ர்ர்…

வயர் கோளாறு. கட்டையன் சொன்னானே. காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தார். அது விடவில்லை. அரைமணி நேரம் அடித்தது. விட்டு விட்டு அடித்தது. தலைக்குள் ஆணி அறைகிற மாதிரி அடித்தது. தடியன் ஒரு தடவைகூடப் புரளவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் மாப்பிள்ளை எடுத்துவிட்டார்.

"அண்ணே…"

நம்ம பேச்சு. அந்தக் கப்பலில் நம் பேச்சு பேசுகிறவர் இவர் ஒருவர்தான்.

"அண்ணே… நாளைக்கு நான் இறங்கணும்ணே. டிக்கெட் போட்டாச்சு. வீட்ல பார்த்துக்கிட்டே இருப்பாங்க."

மெதுவான குரல். தொண்டையில் தண்ணீர் இருக்கிறவன் பேசுகிற மாதிரி களகளவென்று… ஸ்பீக்கர் துளைகள் வழியே ஒரு வாடை வந்தது. துருப்பிடித்த தண்ணீர், நனைந்த கம்பளி.

"யாரு? யார் பேசறது?"

"இறங்க வேண்டிய ஆள்ணே. விசாரணை முடியட்டும்னாங்க. முடியவே இல்லண்ணே. எவ்வளவு நாள்தான் இருக்கறது?"

இங்கே நீங்களாக இருந்தால் ஓடியிருப்பீர்கள். நானும் ஓடியிருப்பேன். ஆனால் இடத்தை விட்டு ஓடினாலும் ரிப்போர்ட். கத்தினாலும் ரிப்போர்ட். குழந்தை அம்மா தோளில் ஒளிகிறது அவர் கண் முன்னால் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்பார்களே, அந்தக் கோபம் பயத்தையும் முந்திக்கொண்டு வந்தது.

"கதவைத் திறக்க வேண்டாம்ணே" என்றது குரல். "நாளைக்கு நான் இறங்கிக்கறேன். சரின்னு மட்டும் சொல்லுங்க."

அவர் ஸ்பீக்கரை அணைத்தார். பஸ்ஸர் அடித்தது. எடுத்தார். "சரின்னு சொல்லுங்கண்ணே." அணைத்தார். அடித்தது. "சொல்லுங்கண்ணே." மேலே எங்கேயோ ஜனங்கள் சிரிக்கிற சத்தம்… இங்கே இது. எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

"சரிடா சாமி, சரி! இறங்கிப் போ! என்னை விட்டாப் போதும்!"

பஸ்ஸர் நின்றது.

கதவு பூட்டியபடியே இருந்தது. ஆனால் நடைபாதையில் ஈரக்கால் வைத்து நடக்கிற சத்தம். சப்… சப்… சப்… அவர் நாற்காலியை ஒட்டிப் போயிற்று. தோளில் சில்லென்று ஏதோ உரசியது. படிக்கட்டுப் பக்கம் போய் மறைந்தது. இறுக்கி மூடிய கண்ணை அவர் திறக்கவே இல்லை.

விடிந்தது. போலீஸ் வந்து தடியனை வாங்கிக்கொண்டது. சிங்கம் மாதிரி வந்தவன், பூனைக்குட்டி மாதிரி, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். "ராத்திரியே அவனை வெளியே விட்டுட்டீங்களே, நல்ல காரியம்" என்றான். மாப்பிள்ளை பேனாவை எடுத்தார். எல்லாம் சரி என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அறைக்குப் போனால் பெட்டியைக் காணோம். ஆபீசுக்கு ஓடினால், "பாஸ்போர்ட் அப்பவே வாங்கிட்டுப் போனியே" என்றார்கள். இறங்குகிற வாசலில் கட்டையன் நின்றான். ஊழியர் கார்டைத் தேய்த்தால் முகம் திரையில் வந்து டிங் என்று அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. வெளியே போனவன் மறுபடி வெளியே போக முடியாது என்றது மெஷின்.

கட்டையன் முகம் வெளுத்துவிட்டது. "நீ இறங்கிட்டே… பெட்டியைப் படியில தூக்கி விட்டதே நான்தான். கையைக் குலுக்கினே. உன் கை அவ்வளவு ஜில்லுனு…"

"நான்தான்டா இங்க நிக்கறேன்! என்னைப் பாருடா!"

கட்டையன் பார்க்கவில்லை. கீழே குனிந்துகொண்டே சூப்பர்வைசரைக் கூப்பிட்டான். ராத்திரி வராத அந்தத் துரை இப்போது ஓடோடி வந்தார். கணினியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார். இறங்க வேண்டிய ஆள் இறங்கிவிட்டான். அப்படியானால் இது கணக்கில் இல்லாத ஆள். பாஸ்போர்ட் இல்லை. கணக்கில் இல்லாத ஆளை அடுத்த துறைமுகம் வரை எங்கே வைப்பது என்பதற்கும் சட்டம் இருக்கிறது. மாப்பிள்ளை கத்தினார், கெஞ்சினார், மனைவி பெயரைச் சொன்னார், சூப்பர்வைசர் போனில் பேசியதை வரிக்கு வரி சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. கூடச் சாப்பிட்டுத் தூங்கிய கூட்டாளிகளே பெல்ட்டைக் கழற்றினார்கள், ஷூ நாடாவை உருவினார்கள். "விசாரணை முடியட்டும்" என்றார் சூப்பர்வைசர். கப்பல் கிளம்பியது.

இரண்டு நாள் அழுது புரண்ட பிறகு, ஒரே ஒரு போன் போட விட்டார்கள். இதை என் சிநேகிதனே என்னிடம் சொன்னான்.

அவன் தங்கைதான் எடுத்தாள். லைனில் இரைச்சல்.

"நான்தான் பேசறேன்…" என்றார்.

"யாரு, கப்பல்ல இருந்தா? அவங்ககூட வேலை பார்க்கறவங்களா?" சந்தோஷமான குரல். "குரல் அவங்க மாதிரியே இருக்குண்ணா! அவங்க நேத்தே வந்து சேர்ந்துட்டாங்க."

கட்டிய மனைவி அண்ணா என்கிறாள். மாப்பிள்ளைக்கு அதற்குக்கூட அழ நேரமில்லை.

"பாப்பா… பாப்பா எங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க. யார்கிட்டயும் போகாத பிள்ளை, அவங்ககிட்ட ஒட்டிக்கிச்சு. முதல் தடவையா அப்பான்னு கூப்பிட்டுச்சு."

"நான் சொல்றதைக் கேளு. எதுவும் கேக்காதே. பாப்பாவை வாங்கிக்கிட்டு உடனே வெளிய வா. தெருவுக்கு வா!"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கதவோரமாய் நகர்ந்து பேசுகிற மாதிரி, சொன்னாள்.

"நானும் ராத்திரியில இருந்து கேட்டுக்கிட்டுதாண்ணா இருக்கேன்… குடுக்க மாட்டேங்கறாங்க."