கடலுக்கு முதுகு காட்டி

வேனில் முன் இருக்கையில் உட்கார்ந்தால் வயிற்றைப் புரட்டாது என்று எல்லாரும் நம்புகிறார்கள். காலையில் அந்த ஓர் இடத்துக்கு அவர்கள் முண்டியடிப்பதைப் பார்த்தால், அரண்மனையைப் பார்க்கப் போகிறார்களா, பிடிக்கப் போகிறார்களா என்று சந்தேகம் வரும். உண்மையில் எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் புரட்டும். மலைப்பாதை அப்படி. நான் அதைச் சொல்வதில்லை. சொன்னால் மட்டும் யார் கேட்கப் போகிறார்கள்?

ஐயா, உங்கள் விசாரணை அறிக்கையில் எனக்கு நேரே 'கவனக்குறைவு' என்று எழுதியிருப்பதாகக் கம்பெனியில் சொன்னார்கள். அதைத் திருத்தத்தான் நானாகவே வந்தேன். யாரும் என்னை இழுத்துக்கொண்டு வரவில்லை. கவனக்குறைவு என்பது டிக்கெட்டைத் தொலைப்பவர்களுக்கும், குடையை மறந்து வைத்துவிட்டு வருபவர்களுக்கும் சொல்ல வேண்டிய வார்த்தை. என் வேலையில் நான் ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை.

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். நகரத்திலிருந்து ஒரு நாள் சுற்றுலா. காலையில் மலைமேல் இருக்கும் பெரிய அரண்மனை, பிறகு அடிவாரத்தில் கோடைக்கால அரண்மனை, மதியச் சாப்பாடு, அப்புறம் கடற்கரை. இருட்டுவதற்குள் கொண்டுவந்து இறக்கிவிட வேண்டும். மைக்கைப் பிடித்துப் பேசுவது நான். ஓட்டுவது ஒரு தம்பி. என்னை அண்ணே என்று கூப்பிடுவான்.

வருகிறவர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வெறுப்பில் பேசுவதாக நினைக்க வேண்டாம். ஓவியக்கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள். சிம்மாசனத்தைக் காட்டினால், "இதை இப்ப வித்தா என்ன விலை போகும்?" என்பார்கள். எதையும் கண்ணால் பார்க்க மாட்டார்கள். போனை உயர்த்திப் பிடித்து, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்துக்கொள்வார்கள். வீட்டுக்குப் போயும் பார்ப்பதில்லை. நான் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருத்தர் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிப்பார். அந்தச் சத்தத்துக்கு மட்டும் எல்லாத் தலையும் திரும்பும்.

இவர்களுக்கு வரலாறு எதற்கு? நான் கதை கொடுத்தேன். பெரிய அரண்மனையின் மேல்மாடியில் ஒரு வளைந்த ஜன்னல் இருக்கிறது. போருக்குப் போன ராஜா திரும்பி வருவாரா என்று ராணி ஏழு வருஷம் அந்த ஜன்னலிலேயே நின்றாள், வரவில்லை என்று தெரிந்த அன்று அங்கிருந்தே குதித்தாள் என்று சொல்வேன். அது நானே கட்டியது. குதித்த இடத்தில் குரலை இறக்குவேன். ஒன்றிரண்டு பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

அன்றைக்கு வந்தவர்களில் வயதான ஒரு தம்பதி. அவர் கட்டடத் துறையில் வரைபடம் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இதை நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். கண்ணில் படும் பலகையை எல்லாம் நின்று படிப்பார். எழுத்துக்குக் கீழே விரலை ஓட்டி, உதட்டை அசைத்து, கடைசி வரி வரைக்கும். மனதுக்குள் அவருக்குப் 'பலகை' என்று பெயர் வைத்தேன். அவர் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் வருகிற ரகம்.

மேல்மாடியில் நான் ராணியைக் குதிக்க வைத்து, குரலை இறக்கி, ஒரு நிமிஷம் அமைதி விட்டேன். அந்த அமைதியில் பலகை தொண்டையைக் கனைத்தார்.

"மன்னிச்சுக்கோங்க. இந்த ஜன்னலே ராணி இறந்து முப்பது வருஷம் கழிச்சு வச்சதுன்னு இங்க போட்டிருக்கே."

புதுசாகக் கல்யாணமான ஒரு பையன் கேட்டான்: "அப்ப எங்கேருந்து குதிச்சாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் தொழிலில் அதுவும் சேர்த்திதான்.

கோடைக்கால அரண்மனைக்குப் போனதும் கூட்டம் எனக்குப் பின்னால் வரவில்லை. நான் ஒரு தூணைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் அந்தப் பக்கம் அவரைச் சுற்றி நிற்கிறார்கள். மேல்கூரையை எப்படி முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று அவர் கையை விரித்துக் காட்டுகிறார். காலையில் முன் இருக்கைக்குச் சண்டை போட்ட தடியான அம்மாள், போனைப் பைக்குள் போட்டுவிட்டு வாயைப் பிளந்து கேட்கிறாள். என் மைக்கில் நான் எனக்கே பேசிக்கொண்டிருந்தேன். டிரைவர் தம்பி வாசலில் நின்று அதைப் பார்த்தான். பார்த்ததை மறைக்க அவசரமாகச் செருப்பைத் துடைத்தான். அவன் துடைக்காமல் இருந்திருக்கலாம்.

மதியச் சாப்பாட்டில் அவரும் மனைவியும் என் மேஜைக்கே வந்து உட்கார்ந்தார்கள். இரக்கப்படுகிறவர்கள் முகத்தில் ஒரு பளபளப்பு இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

"அவர் சும்மா இருக்க மாட்டார். நீங்க மனசுல வச்சுக்காதீங்க," என்றார் அந்த அம்மா.

"உங்க குரல் அருமையான குரல்," என்றார் அவர். "அதுக்கு ஏத்த கதை அங்கயே கிடக்கு. நீங்க எதுக்கு ஜன்னலைப் போய் வச்சுக்கிட்டு?"

பிறகு அவராகவே சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பெரிய அரண்மனையின் கூரையைப் பழுதுபார்க்க வந்தாராம். அங்கே பரம்பரையாகப் பெருக்கித் துடைக்கும் குடும்பத்தில் ஒருவர் சொல்லக் கேட்டதாம். ராஜா போர்க்களத்திலேயே இறந்துவிட்டார். சேதி ராணிக்கு மட்டும் வந்தது. வெளியே தெரிந்தால் பக்கத்து நாட்டுக்காரன் மறுநாளே ஏறி வந்துவிடுவான். படை திரும்புகிற வரைக்கும், ஒரு மழைக்காலம் முழுக்க, ராணி சாயங்காலமானால் ராஜாவின் அறையில் விளக்கேற்றினாள். அவர் தட்டில் சாப்பாடு போனது, காலியாகத் திரும்பியது. மழை விட்ட நேரமெல்லாம் அவர் சட்டை மாடியில் காய்ந்தது. சமைத்தவனுக்குத் தெரியும், துவைத்தவளுக்குத் தெரியும், விளக்குக்கு எண்ணெய் ஊற்றினவனுக்குத் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ராணி அழுதது படை வந்து சேர்ந்த பிறகுதான்.

"அழக்கூட நேரமில்லாம ஒருத்தி நாட்டைக் காப்பாத்தியிருக்கா. நீங்க அவளைப் பிடிச்சுக் கீழே தள்ளி விடறீங்களே," என்று சொல்லிச் சிரித்தார். அந்த அம்மா அவர் முழங்கையைத் தட்டினார். என் தட்டில் சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

இனி கடற்கரை. கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கரும்பாறை. தண்ணீர் வடிந்திருக்கும் நேரத்தில் மணல்மேலேயே நடந்து போய்விடலாம். ஏறி நின்றால் மூன்று பக்கமும் கடல், அழகாகத்தான் இருக்கும். ஆனால் கரைக்கும் பாறைக்கும் நடுவில் மணல் சற்றுத் தாழ்வு. தண்ணீர் ஏறும்போது முன்பக்கமிருந்து வராது; இரண்டு பக்கமும் சுற்றி வந்து அந்தப் பள்ளத்தைத்தான் முதலில் நிரப்பும். பாறையில் கடலைப் பார்த்து நிற்பவனுக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. தெரியும்போது அங்கே ஆறு மாதிரி இழுப்பு. இதை ஒவ்வொரு முறையும் மைக்கில் சொல்லி, எவரையும் போகவிடாமல் தடுத்திருக்கிறேன். பிடிவாதம் பிடித்தவர்களைக் கையைப் பிடித்தும் இழுத்து வந்திருக்கிறேன். எச்சரிக்கைப் பலகை ஒன்று இருந்தது. காற்றில் பிடுங்கிக்கொண்டு மணலில் குப்புறக் கிடந்தது.

அன்று வேன் கடற்கரையை நெருங்கியதும் மைக்கை எடுத்தேன். செருப்பில் மணலோடு வேனில் ஏறக்கூடாது என்று சொன்னேன். மைக்கை வைத்துவிட்டேன்.

தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "அண்ணே, தண்ணி விஷயம்?"

"இறங்கினப்புறம் சொல்றேன். நீ போய்ப் படு," என்றேன். வேனை மரங்களுக்குப் பின்னால் நிழலில் விட்டுவிட்டு அவன் படுத்துக்கொண்டான். சுற்றுலா சீசன் இல்லை. இருந்த ஒரே கடையும் பூட்டியிருந்தது.

நானாக அவரிடம் போகவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்தான் வந்தார். கால்சட்டையை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டிருந்தார்.

"அந்தப் பாறைக்கு நடந்து போகலாமா? ஒண்ணும் ஆபத்தில்லையே?"

"தாராளமா போய்ட்டு வாங்க சார். சாயங்காலம் வரைக்கும் தண்ணி ஏறாது."

"ரொம்ப நன்றி," என்று போனார். அன்று காலையிலிருந்து நான் சொன்ன ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு பலகையில் சரிபார்த்தவர். நான் சொன்னதில் சரிபார்க்காமல் நம்பியது அது ஒன்றைத்தான். போகிற வழியில் மனைவியிடம் நின்று ஏதோ சொன்னார். அந்த அம்மா முட்டி வலி என்று வரவில்லை.

வேறு சிலரும் அந்தப் பக்கம் நகரத் தொடங்கினார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் ஏதும் இல்லை. ஆகவே கூப்பிட்டேன். "எல்லாரும் வாங்க, ஒரு கதை பாக்கி இருக்கு. வெயில் மூஞ்சியில அடிக்குது, இப்படித் திரும்பி உட்காருங்க." உட்கார்ந்தார்கள். எல்லாருடைய முதுகும் கடலுக்கு. கடல் என் ஒருவனுக்குத்தான் தெரிந்தது. குப்புறக் கிடந்த பலகைமேல் ஏறி நின்றுகொண்டேன், சற்று உயரமாக இருக்கட்டும் என்று.

ராஜா இறந்துவிட்டார், சேதி ராணிக்கு மட்டும் வந்தது என்று ஆரம்பித்தேன்.

ஐயா, அப்படி நான் அதுவரை பேசியதே இல்லை. விளக்கை ஏற்றினேன். தட்டை அனுப்பினேன். சமையல்காரன் காலித் தட்டை இரண்டு முறை கழுவியதைக்கூடச் சொன்னேன். போன் ஒன்றுகூட வெளியே வரவில்லை. பிஸ்கட் இல்லை. அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. பாதியில் எழுந்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க. அவரும் கேக்கட்டும், கூப்பிடறேன். ரொம்ப சந்தோஷப்படுவார்."

"அவர் வந்தா அவருக்குத் தனியா சொல்றேன்மா. இந்த இடத்துல நிறுத்தினா கதை உடைஞ்சுபோயிடும். உட்காருங்க."

உட்கார்ந்துவிட்டார். மரியாதை தெரிந்தவர்.

பள்ளம் அதற்குள் நிரம்பிவிட்டது. அவர் பாறையின் இந்தப் பக்கம் வந்து நின்று பார்த்தார். கையைத் தூக்கினார். கத்தினாரா என்றால், கத்தியிருப்பார். காற்று எங்கள் பக்கமிருந்து கடலுக்கு அடித்தது. ராஜாவின் சட்டை மாடியில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது என்று நான் சொன்னபோது, அவர் சட்டையைக் கழற்றித் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த வரியை இன்னொரு முறை சொன்னேன். நன்றாக எடுபட்டது. அலை பாறைமேல் ஏறத் தொடங்கியதும் அவர் பள்ளத்தில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் நடந்தார். பிறகு நடக்கவில்லை. நான் ராணியை அழ வைத்துக்கொண்டிருந்தேன். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. நடிப்பு இல்லை.

முடித்ததும் கைதட்டினார்கள். அந்தத் தடியான அம்மாள் எழுந்து நின்று தட்டினாள். இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூடத் தலையைத் திருப்பாமல் என்னைக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அப்புறம்தான் அவர் மனைவி திரும்பிப் பார்த்தார். "அவர் எங்க?" என்று கேட்டார். கத்தவில்லை. பாறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாயங்காலம் வரைக்கும் தண்ணி ஏறாதுன்னு நீங்க சொன்னதா சொல்லிட்டுத்தானே போனார்?"

"நான் அப்படிச் சொல்லலையேம்மா. போகாதீங்கன்னு சொன்னேன். அவர்தான் கேக்கலை."

வேனில் இருந்த அத்தனை பேரும் உங்களிடம் என்ன சொன்னார்கள், நினைத்துப் பாருங்கள். ஆமாம், காலையிலிருந்து அவர் கைடு சொன்ன எதையும் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். கூரையைப் பற்றி அவர் விளக்கியபோது அவர் பக்கம் நின்ற அதே ஆட்கள். சட்டென்று மாறிவிட்டார்கள். இவர்களை நான் எடைபோட்டது தப்பா? அந்த அம்மாவுக்கே கடைசியில் தன் காதுமேல் சந்தேகம் வந்துவிட்டது. தம்பி ஒருவன்தான், அண்ணன் வழக்கமாகச் சொல்வதை அன்றைக்கு மைக்கில் சொல்லவில்லை என்று உளறினான். அதை வைத்துத்தானே நீங்கள் கவனக்குறைவு என்று எழுதினீர்கள்?

அதை அடித்துவிடுங்கள். தண்ணீர் எப்போது ஏறும் என்று தெரிந்துதான் அவரைப் போகச் சொன்னேன். தெரிந்துதான் மற்றவர்களைத் திருப்பி உட்கார வைத்தேன். அவர் மூழ்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே பேசினேன். பேச்சில் ஒரு இடம் தடுமாறவில்லை. இதற்கு என்ன சொல் உண்டோ, அதை எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒரு திருத்தம் மட்டும். கடற்கரையில் நான் சொன்னது தன் கணவர் சொன்ன கதை என்று அந்த அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறாராம். பாவம், துக்கத்தில் இருப்பவர் எதையாவது சொல்வார். அந்த வரியை எடுத்துவிடுங்கள் ஐயா. அந்தக் கதை என்னுடையது.