முட்டிக்கு அடியில் ஒரு தலையணை

கொஞ்சம் பின்னால சாஞ்சு உக்காருங்க மேடம். வலது தோள் இறங்கியே இருக்கு, பையை எப்பவும் அந்தப் பக்கமே மாட்டுறீங்கபோல. இப்ப ஒண்ணும் தெரியாது, பின்னாடி கழுத்து பிடிச்சுக்கும். தப்பா நினைக்காதீங்க. உடலியக்கவியலும் உடற்கல்வியும் படிக்கிறவங்களுக்கு இது ஒரு வியாதி. காலையில ஆலயத்துல பாஸ்டர் பிரசங்கம் பண்ணுவார், எங்க வகுப்பு மொத்தமும் அவர் நிக்கிற நிலையைத்தான் பார்த்துட்டிருக்கும். இதோ உங்க பக்கத்துலயே இருக்காரு, அவரையே கேளுங்க.

சரி, தங்கச்சி விஷயத்துக்கு வரேன்.

அவ வாலிபால் ஆடுறவ. நான் கடைசி வருஷம், அவ ரெண்டாவது வருஷம், ஒரே கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். எங்களுக்கு அப்பா இல்லை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரில ஷிஃப்ட் வேலை. அதனால சின்ன வயசுல அவளுக்குத் தலை பின்னினது, ஷூ லேஸ் கட்டக் கத்துக்கொடுத்தது எல்லாம் நான்தான். இங்க படிக்க வந்ததும் அவளுக்கு என்னைக் கண்டாலே ஆகல. சாப்பாட்டு ஹால்ல நான் போய் உக்காந்தா, தட்டைத் தூக்கிட்டு டீம் பொண்ணுங்க மேஜைக்குப் போயிடுவா. "எல்லார் முன்னாலயும் தலையைத் தடவாதக்கா, மானம் போகுது"ன்னு ஒரு நாள் சொன்னா. சுருக்குன்னு இருந்துச்சு. சரிம்மான்னேன்.

அப்புறம் ஒரு மேட்ச்ல குதிச்சு இறங்கும்போது அவ முட்டி திரும்பி, உள்ளே ஜவ்வு அறுந்துபோச்சு. அதுல எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, நான் கேலரியில உக்காந்திருந்தேன். பண்ணாததை நான் ஏன் ஒத்துக்கணும்? ஆபரேஷன் ஆச்சு. எங்க துறையில, அடிபட்ட ஆட்டக்காரங்களுக்குக் கடைசி வருஷத்துக்காரங்கதான் பயிற்சி கொடுக்கணும். எங்களுக்குப் பாடம் எடுக்கிற மேடத்துகிட்ட போய் அவளை எனக்கே கொடுங்கன்னு கேட்டேன். "சொந்த அக்காவைவிட யாரு நல்லா பார்த்துக்கப் போறாங்க"ன்னு கொடுத்துட்டாங்க.

அந்த வாரங்களைப் பத்தி உண்மையைச் சொல்லிடறேன். என் வாழ்க்கையில நான் அவ்வளவு சந்தோஷமா இருந்ததே இல்லை. பாத்ரூம் போகக்கூட என் தோளைப் பிடிச்சுக்குவா. அக்கா தண்ணி, அக்கா போர்வை, அக்கா கொஞ்ச நேரம் இரேன். டீம் பொண்ணுங்க பூங்கொத்தோட வந்தாங்க, போட்டோ எடுத்தாங்க, அத்தோட சரி. நான் மட்டும்தான் தினம் இருந்தேன்.

அப்பத்தான் அவங்க கோச் வந்து சொன்னார். வேற ஊர்ல ஒரு பெரிய பல்கலைக்கழகம் அவளைக் கேட்குதாம். முட்டி பழையபடி ஆயிட்டா அடுத்த சீசன்ல அவங்க டீம்ல ஆடலாமாம். சின்ன வயசுலேருந்து அவ ஆசைப்பட்டது அது ஒண்ணுதான். என்னைக் கட்டிப் பிடிச்சுட்டு அழுதா.

"அங்க உன்னை யாரு பார்த்துப்பா?"ன்னேன்.

"யாரும் பார்த்துக்க வேணாம்க்கா. அதான் ஜாலியே"ன்னு சிரிச்சா.

அன்னைக்கு அவ படுக்கும்போது முட்டிக்கு அடியில ஒரு தலையணை வெச்சேன்.

உங்களுக்கு இது புரியாது, சொல்றேன். இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் கால் நேரா நீட்டியே இருக்கணும். அடியில தலையணை வெச்சா ரொம்பச் சுகமா இருக்கும், ஆனா முட்டி மடங்கின வாக்குலயே இறுகிடும், அப்புறம் நிமிராது. முதல் வருஷப் பசங்களுக்கே இது பாடம். அவளுக்குத் தெரியாது. "அப்பாடா, சொர்க்கம்க்கா"ன்னா. பயிற்சியில வலிக்குதுன்னு கண்ணு கலங்கினா, இன்னைக்கு விட்டுடலாம்மான்னு விட்டுடுவேன். அவ அழுது என்னால பார்க்க முடியாது. எங்க மேடம் கேட்டா, நல்லா நிமிருதுன்னு சொல்லுவேன். விளையாட்டு விழா வேலையில அவங்களுக்கு எட்டிப் பார்க்க நேரம் இல்லை.

கால் வளைஞ்சே நின்னுடுச்சு. டாக்டர் மறுபடி ஆபரேஷன் பண்ணார், இதுதான் கடைசி வாய்ப்புன்னு சொன்னார். அம்மா வேலை உடுப்போடயே ஓடி வந்தாங்க. என் ரெண்டு கையையும் பிடிச்சுகிட்டு, "நீ மட்டும் இல்லேன்னா இவ கதி என்ன ஆகியிருக்கும்டி"ன்னு அழுதாங்க. நான் கண்ணைத் துடைச்சுவிட்டேன். பாவம், ரொம்பக் களைச்சுப்போயிருந்தாங்க.

இந்தத் தடவை எங்க மேடம் பக்கத்துலயே நின்னு பார்த்தாங்க. அதனால எதுவும் பண்ண முடியல. முட்டி நிமிர ஆரம்பிச்சது, மடங்கவும் ஆரம்பிச்சது. அவ புது ஷூ வாங்கி, பெட்டியில எடுத்து வெச்சுட்டா.

எங்க துறையில ஒரு வழக்கம் உண்டு. யாருக்குச் சிகிச்சை பண்றோமோ, முதல்ல அந்த இடத்துல கையை வெச்சு ஜெபம் பண்ணணும். ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கணும். நல்ல வழக்கம்தான். ஜெபத்துல உடம்பு தானா தளரும், கையிலேயே தெரியும்.

எங்க மேடம் ஒரு போன் பேச வெளியே போயிருந்தாங்க. அவ குப்புறப் படுத்திருந்தா. ஒரு கையை முட்டியில வெச்சு, இன்னொரு கையால கணுக்காலைப் பிடிச்சு, ஜெபம் பண்ண ஆரம்பிச்சேன். உடம்பு தளர்ந்தது. காலை மடக்கினேன். "போதும்க்கா"ன்னா. எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும், அதைத்தானே நாலு வருஷமா படிக்கிறேன். நிறுத்தல. "அக்கா, அக்கா, விடுக்கா"ன்னு கத்தினா. மேல படுத்து முழு எடையையும் போட்டேன். பழைய துணி கிழியுற மாதிரி உள்ளங்கைக்கு அடியில தெரிஞ்சது. ஜெபத்தைப் பாதியில விடக்கூடாதுன்னு ஆமென் சொல்லிட்டுத்தான் இறங்கினேன். உடனே ஐஸ் வெச்சேன். அதைச் சரியா வெச்சேன்னு டாக்டரே சொன்னாராம்.

இனிமே ஆட முடியாதாம். நடக்கவே கைத்தடி வேணுமாம்.

இப்ப பாஸ்டர் கேட்டாரே, அப்படி என்னம்மா வெறுப்பு அவ மேலன்னு. எனக்குச் சிரிப்புதான் வந்தது. வெறுப்பு இருந்தா ஊரைவிட்டுப் போகட்டும்னு விட்டிருக்க மாட்டேனா?

என்னை வார்டுக்குள்ளயே விடக்கூடாதுன்னு சொல்லிட்டாளாம். என் பேரைக் கேட்டாலே உடம்பு நடுங்குதாம். இருக்காதா பின்னே. நாலு நாளைக்கு மூஞ்சியைத் திருப்பிப்பா, அவ சுபாவம் எனக்குத் தெரியாததா? நீங்க எத்தனை நாள் என்னை லாக்கப்புல வெச்சாலும் சரி மேடம், நான் காத்திருக்கேன். அவ எங்க போயிடப் போறா.