ஏழு வயசு அட்டை

இல்லக்கா, அழலை அவ. தூக்கம் கலையலை, கண்ணைக் கசக்கறா, அவ்வளவுதான். முதல் பஸ்ஸுக்கே இழுத்துட்டு வந்துட்டேன். அப்படியும் பாருங்க, டோக்கன் எழுபத்தி மூணு. நீங்க எழுபத்தி நாலா? அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே காய வேண்டியதுதான். உட்காருங்க. உங், காலை மடக்கு, பெரியம்மா உட்காரட்டும்.

ஆமா, உங்னுதான் கூப்பிடறது. மழைக்குக் கத்துமே, குண்டுத் தவளை, அது. பொறந்தப்ப வயிறு அப்படி உப்பிக்கிட்டு இருந்துச்சு, எங்க நாத்தனார் வச்ச பேரு. பொறந்த சீட்டுல கன்னிகா. ஆனா பிள்ளைங்க எதுக்கு சீட்டுப் பேரு தெரியுது, சொல்லுங்க. ஒரு வாரமா பழக்கறேன். கன்னிகான்னு கூப்பிட்டா என்னன்னு கேக்கணும்டின்னு. எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, அந்தக் கன்னிகா எப்ப வருவாங்கறா.

நீங்க சிரிக்கறீங்க. கவுண்டர்லயும் இப்படிக் கேட்டு வச்சா என்ன பண்றது.

ஏழு வயசு முடிஞ்சு இன்னைக்கு அம்பத்தொன்பதாவது நாள். அறுபதுக்குள்ள அடையாள அட்டை எடுத்தாகணுமாம்ல. ஊர்த்தலைவர் மூணு தடவை வாசல்ல வந்து நின்னுட்டார். ஒரு போட்டோ எடுக்கறதுக்கு இவ்வளவு யோசனையா, நானென்ன பிள்ளையைப் பட்டாளத்துக்கா கூப்பிடறேன்னு கேட்டார். சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிக்கறாங்க. நானும் சிரிச்சேன். அபராதம் நூறு பாட் கட்டிடலாம்க்கா, அதுக்கு இல்ல. கட்டினாலும் அட்டை எடுக்கத்தானே வேணும்.

அவங்க அப்பாவா? வரலை. குடும்பத்துப் பேரெல்லாம் இருக்கற வீட்டுப் புத்தகத்தையும் பொறந்த சீட்டையும் பையில போட்டுக் குடுத்துட்டு, மரவள்ளிக் காட்டுல வேலை கிடக்குன்னு போயிட்டார். நேத்து வரைக்கும் நானும் வரேன்னுதான் சொன்னார். காலையில பார்த்தா மண்வெட்டி தோள்ல இருக்கு. அவரும் பயந்தாங்கொள்ளிதான். திட்டி என்ன பண்ண.

மூணாம் நம்பர் கவுண்டர்தானே எங்களுக்கு? அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு தங்கமா பேசுது. ஆனா அது பல்லைப் பார்க்குதுக்கா. இப்ப போச்சே, ரெட்டைச் சடை போட்ட குட்டி, முன்னாடி நாலும் காணோம்ல அதுக்கு, அட்டையில குகை தெரியும், வாயை மூடுடி கண்ணுன்னுச்சு. பாருங்க, இங்க வந்திருக்கற எல்லாத்துக்கும் விழுந்திருக்கு. இவளுக்கு ஒண்ணுகூட ஆடலை. சிலதுக்கு எட்டு வயசுலதான் விழுமா? உங்க பெரிய பொண்ணுக்கா? அப்பாடா. கேட்டா அதையே சொல்லிக்கறேன்.

ஆளும் சின்னதுதான். எல்லாரும் சொல்றதுதான் அது. ஸ்கூல்ல உயரத்துல இவதான் கடைசி. கரும்புக் கொட்டகையில வளர்ந்த பிள்ளைல்ல. நாங்க மூணு வருஷம் சுபன்புரிப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தோம். கைப்பிள்ளையோட போனோம். திரும்பி வந்தப்ப எங்க நாத்தனார் இவளைத் தூக்கிப் பார்த்துட்டு, என்னடி, என் தவளை வத்திப்போய் வந்திருக்குன்னாங்க. அவ்வளவுதான் கேட்டாங்க. வேற ஒண்ணும் கேக்கலை.

ஒட்டரிசிச் சோறு இருக்கு, எடுத்துக்கங்க. சுட்ட கருவாடுதான். இவ்வளவு நேரம் ஒண்ணும் சாப்பிடாமயா உட்கார்ந்திருக்கீங்க? நீங்க என்ன விஷயமா வந்தீங்க?

ஐயோ. அம்மாவா. எப்பக்கா? நேத்தா.

நான் பாட்டுக்குப் பல்லு, தவளைன்னு பேசிட்டு இருக்கேன். மன்னிச்சுக்கங்க. எண்பத்தி ரெண்டா. தூக்கத்துலயே போறது எல்லாருக்கும் வாய்க்காதுக்கா. அழுங்க, பரவாயில்லை. இங்க யாரும் பார்க்க மாட்டாங்க, எல்லாரும் நம்பரைத்தான் பார்த்துட்டு இருக்காங்க.

அம்மா பேருக்கு நேரா, இறந்துட்டாங்கன்னு சிவப்பு முத்திரை குத்துவாங்களா? வீட்டுப் புத்தகத்துலயே? ஒரு நாளைக்குள்ள வந்து சொல்லணுமா. அது எனக்குத் தெரியும். அப்ப தெரியாது, அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன்.

உங், அந்தத் தண்ணி மெஷின் இருக்குல்ல, போய்க் குடிச்சுட்டு வா. மெதுவா வா. பெரியம்மாவுக்கும் ஒரு டம்ளர் கொண்டு வா.

உங்க பேரு எனக்குத் தெரியாது, நீங்களும் என் பேரைக் கேக்காதீங்க. உங்க ஊரும் வேற பக்கம். அதனால சொல்றேன்.

கொட்டகையில ரெண்டு நாள் காய்ச்சல்க்கா. எட்டு மாசப் பிள்ளை, இவளுக்கு மூத்தது. ஆஸ்பத்திரிக்குப் போக லாரி மறுநாள்தான் வரும்னாங்க. கைக்குழந்தையை எரிக்க மாட்டோம்ல, கரும்புக் காட்டு ஓரமா ஒரு மூங்கில் புதர், அங்க புதைச்சோம். எரிச்சிருந்தா கோயில்ல சாவுச் சீட்டு கேட்டிருப்பாங்க, சீட்டுக்காக இந்த மாதிரி ஓர் ஆபீஸுக்கு ஓடியிருப்போம். யாரும் எதுவும் கேக்கலை. மேஸ்திரிகூட, போலீஸ் கீலீஸ்னு இழுத்துக்காதீங்கன்னுதான் சொன்னார். மண்ணுல வைக்கறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரர் சட்டிக்கரியைத் தொட்டு இடது குதிகால்ல ஒரு பொட்டு வச்சார். திரும்பிப் பொறந்து நம்மகிட்டயே வந்தா கண்டுபிடிக்கணும்ல. உங்க பக்கமும் வைப்பாங்களா? ஆமா, எல்லாரும் வைக்கறதுதான்.

பத்து மாசத்துல இவ பொறந்தா. கொட்டகையிலதான், கூட வெட்டின பொம்பளைங்க ரெண்டு பேர் பார்த்தாங்க. பொறந்ததும் அவர் குதிகாலைத் திருப்பிப் பார்த்துட்டு, இருக்குடி, இருக்குன்னு ஓன்னு அழுதார். நானும் பார்த்தேன். வெளக்கு வெளிச்சத்துல பார்த்தேன், வெயில்ல பார்த்தேன். எனக்கு ஒண்ணும் தெரியலைக்கா. அப்பவும் தெரியலை, இப்பவும் தெரியலை. அவர் சொன்னார், அவளேதான் வந்திருக்கா, அவளுக்குத்தான் ஏற்கனவே பொறந்த சீட்டு இருக்கே, புதுசா எதுக்குன்னு. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அப்ப மூத்தது சாகலைன்னு ஆயிடுதுல்ல.

இப்ப சொன்னா என்ன ஆகும்? எங்களைப் பிடிச்சுட்டுப் போவாங்க, போகட்டும். இவ எங்கயும் பொறக்காதவளா ஆயிடுவா. ஸ்கூல் போச்சு, ஆஸ்பத்திரி போச்சு. சொல்லாம விட்டா, இந்தக் கட்டைவிரலை அந்த மெஷின்ல வச்சதும் முடிஞ்சுது. இத்தனை நாள் சீட்டுல பேருதான் இருந்துச்சு. இனிமே முகமும் ரேகையும் சேர்ந்துடும். அதுக்கப்புறம் ரெண்டு பேரையும் பிரிக்க முடியாது.

வருஷா வருஷம் பிக்குங்களுக்குச் சோறு போட்டுட்டு, அந்தப் புண்ணியம் செத்தவங்களுக்குச் சேரட்டும்னு தண்ணி ஊத்தறப்ப, அவங்க பேரைச் சொல்லணும்ல. எல்லாரும் சொல்வாங்க. நான் கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு வாயைத் திறக்காம உட்கார்ந்திருப்பேன். கன்னிகான்னு சொல்ல முடியுமா, அது இவ பேரு. உசுரோட இருக்கற பிள்ளை பேரைச் சொல்லித் தண்ணி விடுவாங்களா? உங்னும் சொல்ல முடியாது, ஊர்ல சந்தேகம் வரக்கூடாதுன்னு அதையும் எடுத்து இவளுக்குக் குடுத்துட்டோம். வயிறு உப்பிப் பொறந்தது மூத்ததுதான்க்கா. இது இல்ல.

திரும்பி வந்தது அதுதான்னா கவலையில்லை. இல்லேன்னா?

வந்துட்டா. சிந்தாம கொண்டு வந்திருக்காளே. குடிங்க.

எழுபத்தி மூணா? எங்களதுதான், இதோ, இதோ. எழுந்திரும்மா, கையைத் துடைச்சுக்கோ, ஈரமா இருந்தா ரேகை விழாது.

அக்கா, அம்மாவுக்குத் தண்ணி ஊத்தறப்ப, அவங்க பேரைச் சொல்லி முடிச்ச பிறகு, கிண்ணத்துல கொஞ்சம் மிச்சம் வையுங்க. பேரெல்லாம் வேண்டாம். எட்டு மாசம், பொம்பளைப் பிள்ளைன்னு மட்டும் சொல்லி ஊத்திடுங்க.