தானாகச் சாத்திக்கொண்ட கதவு

காந்திபுரத்திலிருந்து அவிநாசி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "அந்தப் பெரிய ஓட்டல்ல நானு தொலைஞ்சே போயிட்டேனுங்க அக்கா."

"ஓட்டலுக்குள்ளயா?"

"எங்க கல்யாண நாளுக்குப் பையன் ரூம் போட்டுக் குடுத்தானுங்க. இவரு டீ குடிக்கோணும்னு, செவுத்துல சொருகியிருந்த சாவிக் கார்டை உருவிட்டுக் கீழ போயிட்டாரு. லைட்டு, ஏசி எல்லாம் நின்னுபோச்சு. ஜன்னல்ல கனத்த திரை வேற, பட்டப்பகல்லயே கும்மிருட்டு. பயந்துபோய் வெளிய வந்தேன், கதவு தானாச் சாத்திக்கிச்சு."

"யாரையாச்சும் கூப்பிட்டிருக்கலாமுங்க."

"ஒரு ஈ காக்கா இல்லீங்க. எல்லாக் கதவும் ஒண்ணாட்டவே இருக்குது. லிப்டுக்குள்ள போனா, கார்டு இல்லாம அது நகரல. கத்தலாம்னு வாயைத் தொறந்தா சத்தமே வரலீங்க. வெளிய வந்து லிப்டு வாசல்லயே தரையில உக்காந்துட்டேன். இவரு வந்து தோளைத் தொட்டப்பக்கூட அலறிட்டேனுங்க."

"பையன்கிட்டச் சொன்னீங்களா?"

"எப்படிங்க சொல்றது? ஆசையாச் செஞ்சவன். சொர்க்கமாட்ட இருந்துச்சு கண்ணுன்னு சொல்லிப்போட்டேன்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த மாசம் மெட்ராசுல ரூம் போட்டிருக்கானுங்க. இருபதாவது மாடி."